தோல் இருக்கும் பழம்

பழக்கடையில் சிறுமலை வாழைப்பழ வாசம் வந்தால், இந்த வயதிலும் என் தலை தானாகக் குனிந்துவிடுகிறது. அறுபதுகளில் திண்டுக்கல்லில் நான் படித்த பெண்கள் பள்ளியின் மனையியல் அறை, பம்ப் ஸ்டவ் இரைச்சலும் ரவை வறுபடும் மணமுமாக, செவ்வாய்தோறும் ஜோடி ஜோடியாகச் சமைத்து ஒரே தட்டில் பகிர்ந்து தின்ற அந்த வகுப்போடு கண்முன் எழுந்து வருகிறது.

என் ஜோடி அந்தோணியம்மாள். அவள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவர்கள் கை பட்டதை எங்கள் வீட்டில் தின்னமாட்டோம். முதல் வாரம் அவள் கேசரியை நீட்டினாள்.

“இன்னைக்கு விரதம்டி” என்றேன்.

அடுத்த வாரம் உப்புமாவுக்கும் அதே விரதம்.

மூன்றாம் வாரம், அவள் பையிலிருந்து ஒரு சிறுமலைப் பழத்தை எடுத்து என் பக்கம் வைத்தாள்.

“இத நீ திங்கலாம்டி. தோலு இருக்குல்ல?”

குரலில் கோபமே இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. உரித்துத் தின்றேன்.