முதல் நாள் வீடியோ

பியோ சொனொக்கின் பெயரில் நாற்பத்தொரு ஆய்வுக்கட்டுரைகள் இருந்தன. மற்ற ஆராய்ச்சியாளர்கள் அவற்றை இரண்டாயிரத்து முந்நூறு முறை மேற்கோள் காட்டியிருந்தார்கள். அதில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, பதினோரு வருடம் முன்பு மாணவியாக இருந்தபோது எழுதிய ஒரே கட்டுரைக்கு. மணியோசையோடு காலில் மின்சார அடி வாங்கிய சுண்டெலி, மறுநாள் ஓசை கேட்டாலே உறைந்து நிற்கும். மூளைக்குள் ஒரு மருந்தைச் செலுத்தினால் எலிக்கு அந்தப் பயமே மறந்துபோகிறது என்று அவள் எழுதியிருந்தாள். தேஜோன் நகரில் அவள் படித்த பல்கலைக்கழகத்திலேயே வேலை கிடைத்தது அதனால்தான். நிரந்தரப் பதவிக்கான கட்டுரைப் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

திங்கட்கிழமை சப்போரோ பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இமாசேகி என்ற ஆராய்ச்சியாளர், அதே சோதனையைத் தாங்கள் நான்கு முறை செய்தும் அந்த முடிவு வரவில்லை, பழைய வீடியோக்களைத் தர முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார்.

எலிகள் உறைவதை எண்ண இரண்டாம் நாள் வீடியோ போதும். மின்சார அடி கொடுத்த முதல் நாளுடையதை சொனொக் பார்த்ததே இல்லை. அனுப்பும் முன் ஒருமுறை ஓடவிட்டாள். முதல் இரண்டு பெட்டிகளில் மின்சாரம் பாய்ந்ததும் எலிகள் துள்ளின. மூன்றாம் பெட்டியில் எலி காலை நக்கிக்கொண்டிருந்தது. அடுத்த எலியும் அப்படித்தான். மருந்து கொடுத்தவை எல்லாமே மூன்றாம் பெட்டி எலிகள். அவை எதையும் மறக்கவில்லை. அடியே வாங்கவில்லை.

கீழே எலிக்கூடங்களை இருபது வருடமாகப் பராமரிக்கும் கு மல்சுன் மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்தாள். சொனொக் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள்.

"மூணாம் பெட்டியா? கரண்ட் போற அடிக்கம்பி அத்துப்போயிருந்துச்சே. உங்க சோதனை முடிஞ்சு மூணு வாரம் கழிச்சுத்தான் பாத்தேன். ரிப்பேர் நோட்டுல எழுதியிருக்கேன், இருங்க."

சொனொக் நோட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிரவு கணவன் ஊற்றிய சூப்பை அப்படியே வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். ஒரே ஒரு பக்கம். கிழித்துவிட்டால் மல்சுன் தவிர யாருக்குத் தெரியும்? அடுத்த இரண்டு நாட்கள் தொலைபேசி அடித்தால் எடுக்கவில்லை. நடையில் மல்சுன் எதிரே வந்தால் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுவிடப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொள்ளத்தான், தன் கட்டுரையைச் சமீபத்தில் மேற்கோள் காட்டியவர்கள் யாரென்று தேடினாள். முதலில் வந்தது பூசான் நகரில் ஒரு மருத்துவமனை. தீவிபத்தில் பிழைத்த இருபத்துநாலு பேருக்கு, அந்தப் பயம் மறக்க, அதே வகை மருந்தைக் கொடுத்துப் பார்க்கப்போகிறார்கள், அடுத்த மாதம். அதுவரை தன் பதவியை நினைத்துப் பயந்தவள் இப்போது அந்த இருபத்துநாலு பேரை நினைத்துப் பயந்தாள்.

வியாழன் காலை நோட்டோடு இறங்கிப்போனாள்.

"இந்தப் பக்கத்தைக் கிழிச்சிடலாம்னு நெனச்சேன்க்கா."

"தெரியும். நோட்டை வாங்கிட்டு என் மூஞ்சியப் பாக்காமப் போனீங்களே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

மல்சுன் கையுறையைக் கழற்றினாள். "எனக்கும் பயந்தான் மேடம். கம்பி அத்திருந்ததப் பாத்த அன்னைக்கே மாடியேறி வந்து உங்ககிட்ட சொல்லியிருக்கணும்ல."

சொனொக் முதலில் பூசானுக்குப் பேசினாள். ஒன்பது பேர் ஏற்கெனவே சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக மருத்துவர் சொன்னார். சிகிச்சை நின்றது. கட்டுரையைத் திரும்பப் பெறும்படி பத்திரிகைக்கு எழுதினாள். வெள்ளிக்கிழமை பட்டியலில் அந்த வரியைத் தானே அடித்துவிட்டுக் கொடுத்தாள். நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. ஒரு வருடம் கழித்து சொங்ஜுவில் சிறிய கல்லூரி ஒன்றுக்கு மாறினாள்.

வீடியோக்களோடு நடந்ததையும் எழுதி அனுப்பியதற்கு இமாசேகி நன்றி சொல்லிப் பதில் போட்டிருந்தார். கடைசி வரியில், அந்த நான்கு சோதனைகளையும் செய்த தன் மாணவன், கோளாறு தன் கையில்தான் என்று நினைத்துப் படிப்பை விட்டுப் போய்விட்டான் என்றிருந்தது. சொனொக் அவனுடைய முகவரியைக் கேட்டு வாங்கினாள். இரண்டு முறை எழுத உட்கார்ந்தாள். இன்னும் அனுப்பவில்லை.