ஆனிக்குள் பிரித்த கூரை

எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் அத்தனை ஓட்டு வீட்டுக்கும் கூரை போனது. புயலும் அடிக்கவில்லை, தீயும் பிடிக்கவில்லை. நாங்களே ஏணி வைத்து ஏறிப் பிரித்தோம். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சிரித்த முகத்தோடு பிரித்தோம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

பழைய ஓட்டு வீடுகளைப் பழுது பார்த்து, காங்கிரீட் கூரை போட்டுத் தருகிற அரசுத் திட்டம் அது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். ஊராட்சித் தலைவர்தான் அலைந்து திரிந்து எங்கள் தெருவைத் திட்டத்தில் சேர்த்திருந்தார். எனக்கு அண்ணன் முறை. என் மகள் கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் பந்தி வரைக்கும் சாம்பார் வாளியோடு நின்றவர். அவர் ஆனி மாதக் கடைசியில் வீடு வீடாக வந்தார்.

"ஆடி பிறந்துட்டா எவனும் புது வேலையில கை வைக்க மாட்டான் தங்கச்சி. ஆனிக்குள்ள ஓட்டைப் பிரிச்சுப் போட்டுட்டா வேலை தொடங்குன கணக்காயிரும். அப்புறம் ஆடியிலயும் நிக்காம நடக்கும்."

இதில் தப்பு இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடியில் எதையும் தொடங்கக் கூடாது, தொடங்கியதைத் தொடரலாம் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே சமயத்தில்தான் மலையாளத்துப் பக்கமிருந்து மலை தாண்டிச் சாரல் இறங்கும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் யாருக்கும் கூறில்லாமல் போனது.

எனக்கு அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மகள் முழுகாமல் இருந்தாள். வைகை அணைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஆகிவிட்ட ஊரில், ஆவணியில் வளைகாப்புப் போட்டுப் பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். காங்கிரீட் போடும்போதே தொட்டிலுக்கு ஒரு கொக்கி வைக்கச் சொல்ல வேண்டும் என்று கொத்தனாரிடம் பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் பேசி வைத்திருந்தேன்.

கொத்தனார் வரவே இல்லை. ஆடி பிறந்தது, சாரல் வந்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒரு தார்ப்பாய் வாங்கிவந்து சுவர்களுக்கு மேல் இழுத்துக் கட்டினார். நான் தையல்காரி. மிஷினைப் பாலித்தீனில் சுற்றி, தார்ப்பாய் தொங்காத மூலையாகப் பார்த்து உட்கார்ந்து தைத்தேன். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் ஈர வாடையை மோந்து பார்த்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கிப் போனார்கள். தலைவர் பேசி வைத்திருந்த காண்ட்ராக்டரைக் கேட்டால் கம்பி வரவில்லை என்றார். பிறகு போனையே எடுக்கவில்லை. தலைவரைக் கேட்டால், "இந்தா வந்துருவாக" என்றார். அதை அவர் ஒவ்வொரு முறையும் நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

வளைகாப்புக்கு முன்னால் சம்பந்தியம்மா ஒரு நடை வந்தார். நல்ல மனுஷி. உள்ளே வந்து, அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடித்தார்.

"குத்தமாச் சொல்லல மதினி. வயித்துப் பிள்ளைக்காரிய இங்கன எப்படி விட்டுட்டுப் போறது? மேல ஏதாச்சும் ஒரு கூரை வரட்டும், நானே கொண்டாந்து விடுறேன்."

அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தைப் போல வலித்தது வேறு எதுவும் இல்லை. வளைகாப்பு முடிந்ததும் கை நிறைய வளையலோடு மகள் அங்கேயே நின்றாள், நாங்கள் மட்டும் பஸ் ஏறினோம்.

காந்தி ஜெயந்தி கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். யூனியன் ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்திருந்தார். என் மகள் வயசுதான் இருக்கும்.

"எங்க கூரையப் பிரிக்கச் சொன்னது யாரு? அதுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டேன்.

"ஆர்டர் வர்றதுக்கு முன்னாடியே பிரிக்கச் சொல்லி நாங்க சொல்லலையேம்மா. ஆடி வந்துரும்னு நீங்களே அவசரப்பட்டுப் பிரிச்சா நாங்க என்ன செய்ய முடியும்?" என்றார் ஓவர்சியர்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். "நாளு பாத்தது எல்லாரும் சேந்துதான தங்கச்சி" என்றார், மெதுவாக. அதுவும் உண்மைதான்.

அப்புறம் ஓவர்சியர் சொன்ன விஷயம்தான் எங்களை உட்கார வைத்தது. இது ஓட்டு வீட்டைப் பழுது பார்க்கும் திட்டம். ஆய்வுக்கு வந்தவர்கள் பார்த்தபோது எங்கள் தெருவில் ஓட்டு வீடே இல்லை, நாலு சுவர்தான் இருந்தது. அதனால் ஆர்டர் போட வழியில்லை. என்ன செய்யலாம் என்று தலைவரே ஓவர்சியரிடம் கேட்டு, பதிலும் வாங்கிச் சொன்னார். பழைய ஓட்டையே மறுபடி மாட்டிவிட வேண்டும். வந்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆர்டர் வந்ததும் பிரித்துக்கொள்ளலாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை.

மறுநாள் தெருவே ஏணி ஏறியது. பாதி ஓடு உடைந்திருந்தது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டைகள் நனைந்து ஊறிப்போயிருந்தன. இருந்ததை வைத்து மாட்டினோம், இல்லாத இடத்தில் தார்ப்பாயை வெட்டிச் செருகினோம். இறங்கி வந்ததும் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன். சொன்ன சொல் மாறாமல் அந்த வாரமே மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஐப்பசி மழையில் கட்டிலை ஒழுகாத இடத்துக்கு நகர்த்தி நகர்த்தி அவளைப் படுக்க வைத்தேன். கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் பேத்தி பிறந்தாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்த சில நாளில் தலைவர் சர்க்கரைப் பாக்கெட்டோடு வந்தார். பிள்ளையைக் கொஞ்சினார், மூக்கு யார் மாதிரி என்று பார்த்தார். பிறகு சொன்னார்.

"ஆர்டர் வந்திருச்சு தங்கச்சி. நாளைக்கே பிரிச்சிருங்க. இல்லைன்னா திரும்பிப் போயிரும்."

"பச்சப்பிள்ளைய எங்கன போடுறது அண்ணே?"

"ரெண்டு வாரம் சமாளிக்க மாட்டியா?"

"உங்க மச்சு வீட்டுல ஒரு ரூமைக் குடுங்க. எங்க கூரை முடியிற வரைக்கும் ஆத்தாளும் பிள்ளையும் அங்கன இருக்கட்டும். இன்னிக்கே பிரிக்கிறோம்."

"அதுக்கென்ன, தாராளமா" என்று சிரித்தார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்வதாக எழுந்து போனார். இதுவரைக்கும் சொல்லவில்லை. நாங்கள் பிரிக்கவில்லை.

மற்றவர்கள் பிரித்தார்கள். இரண்டு மூன்று வீட்டுக்குக் காங்கிரீட் போட்டு முடித்தார்கள். மற்ற வீடுகளில் முட்டுக் கொடுத்ததோடு வேலை நின்றது. காண்ட்ராக்டருக்குப் பணம் வரவில்லை என்றார்கள், வந்தது என்றும் சொன்னார்கள்.

குடியரசு தினத்தன்று மறுபடியும் கிராம சபை. என் வீட்டுக்காரரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் தெருவில் வேலை ஏன் தாமதம் என்று தீர்மானம் வாசித்தார்கள். மழை என்று வந்தது, பண்டிகைக் காலம் என்று வந்தது, பொருள் தட்டுப்பாடு என்று வந்தது. கடைசியில், பயனாளி ஒருவர் ஒத்துழைக்க மறுத்ததால் என்று வந்தது. அங்கே என் பெயரை வாசித்தார்கள். இனிஷியலோடு, கதவு எண்ணோடு. காண்ட்ராக்டருக்குப் பெயர் இல்லை. ஆபீசில் இருந்தவர்களுக்கும் தலைவருக்கும் பெயர் இல்லை. இத்தனை நாள் நடந்த கூத்தில் பெயர் இருந்த ஒரே ஆள் நான்.

தீர்மானத்தை ஏற்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாரும் தூக்கினார்கள். எனக்குப் பக்கத்திலும் ஒரு கை மேலே போனது. திரும்பிப் பார்த்தேன், என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். துண்டை உதறிக் கொடியில் போட்டபடியே சொன்னார்: "எல்லாரும் தூக்குனாக. நானும் தூக்குனேன்."