மரியபுஷ்பம் அக்கா மீட்டுக் கொடுத்த தரைகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, வேலம்பாளையத்தில் என் வீட்டு வாசலில் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மரியபுஷ்பம் அக்காவோடு வேலை செய்யும் கோமதி போன் செய்தாள். "அண்ணா, அக்கா போயிட்டாங்க" என்றாள். "எங்க போனாங்க?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்னும் என்னவோ போல இருக்கிறது. சர்ச்சிலிருந்து திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், மகளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அவள் சொம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது.

நான் பெயின்டிங் கான்ட்ராக்டர். வீட்டுக்கு வண்ணம் அடிப்பது எங்கள் வேலை. அடித்து முடித்தபின் தரையில் சிந்திக் கிடக்கும் பெயின்டையும், அதற்கு முன் அடிக்கும் பிரைமரையும் எடுத்து, குடிபோகிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது மரியபுஷ்பம் அக்காவின் வேலை. பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். விளாத்திகுளத்துப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை அக்கா என்பேன். எங்களில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை முடிவாகவில்லை.

அதற்கு முன்பு அவர் ஒரு பனியன் கம்பெனியில் கறை எடுக்கும் பிரிவில் இருந்தார். தைத்து முடித்த துணியில் மெஷின் எண்ணெயோ, மையோ, துருவோ பட்டிருந்தால் ஏற்றுமதிக்குப் போகாது. துணி நிறம் மங்காமல் அந்தக் கறையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தப் பிரிவை மூடியபோது, அவர் குடியிருந்த லைன் வீட்டுக்கு நான் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் அவர் வீட்டு மொசைக் தரையில் எனாமல் பெயின்ட் சிந்தியிருந்தார்கள். மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது அது இருந்த இடமே தெரியவில்லை. எதைப் போட்டு எடுத்தீர்கள் என்று கேட்டேன். "என்ன விழுந்திருக்கு, எது மேல விழுந்திருக்குன்னு பாத்தா போதும் அண்ணாச்சி. பெறகு அதுவே சொல்லும்" என்றார். அடுத்த வாரமே என்னோடு வேலைக்கு வந்துவிட்டார்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் கலாமணி அம்மாவின் வீட்டில் நடந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மூலனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இங்கே வந்து சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துகிறவர் அவர். புது வீட்டு ஹாலுக்கு ராஜஸ்தான் வரை போய் இளஞ்சிவப்பு மார்பிள் பார்த்து எடுத்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம். புதன்கிழமை காலை, தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்தோம். ஹாலின் நடுவில், ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்கு வெள்ளை பிரைமர் காய்ந்து ஒட்டிக் கிடந்தது.

அதைக் கொட்டியது நான்தான். முந்தின நாள் போன் பேசிக்கொண்டே பக்கெட்டைக் காலால் நகர்த்தினேன். அது சாய்ந்தது. ஷீட்டின் மேலே தெரிந்ததைத் துடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஷீட் கிழிந்திருந்த இடத்தின் வழியே மீதி அடியில் ஓடியதைக் கவனிக்கவில்லை.

பயத்தில் கடைக்கு ஓடிப்போய் ஆசிட் வாங்கி வந்து, மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அக்கா உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, மொதல்ல அந்தப் பாட்டில வெளிய கொண்டு வைங்க."

"இல்லீங்க்கா, கொஞ்சமா ஊத்தி..."

"ஒரு சொட்டு பட்டாலும் மார்பிளு வெந்து போவும். பிரைமரு போனாலும் போன எடம் தெரியும். பெறகு நீங்களும் நானும் ராஜஸ்தானுக்குத்தான் போவணும்."

நான் பாட்டிலை வெளியே வைத்தேன். அவர் வெந்நீர் போடச் சொன்னார். கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து, மூட்டையிலிருந்த பனியன் வேஸ்ட் துணிகளை அதில் நனைத்து, காய்ந்த பிரைமர் முழுவதும் பரப்பினார். ஈரம் போகாமல் இருக்க மேலே ஷீட்டை மூடினார். பிறகு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை பரபரத்தது. "ஊறட்டும். அவசரப்பட்டுச் சொரண்டுனா கீறல் விழும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கலாமணி அம்மா வந்தார். ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இதென்னங்க? யாருங்க கொட்டுனது?" என்றார்.

என் ஆட்களில் பீகாரிலிருந்து வந்த ராம்பிரவேஷ் என்பவர் தலையைக் குனிந்துகொண்டார். எது நடந்தாலும் திட்டு தன்மேல்தான் விழும் என்று அவருக்குப் பழக்கமாகியிருந்தது. கலாமணி அம்மாவின் பார்வையும் அவர்மேல் போனது. நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், துணியில் வெந்நீர் விட்டுக்கொண்டே சொன்னார். "கொட்டுனவரு இங்கனதான் நிக்காரும்மா. அவரே சொல்லுவாரு."

நான் கொட்டியதை அவர் பார்த்திருக்கவில்லை. என் முகத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்.

"நான்தானுங்க" என்றேன். முந்தின நாள் பக்கெட் சாய்ந்ததை மறைத்ததையும் சொன்னேன். கலாமணி அம்மா என்னை ஒன்றும் திட்டவில்லை. அக்காவிடம் மட்டும், "போயிருமுங்களா?" என்று கேட்டார்.

"போவும். நாளை சாயங்காலம் வரைக்கும் யாரும் என்னைய வெரட்டாதீங்க."

இரண்டு நாள் முட்டி போட்டு உட்கார்ந்தார். ஊறி இளகியதை பிளாஸ்டிக் தகட்டால் தோல் உரிப்பதுபோல் எடுத்தார். அப்படியும் வராத இடத்துக்கு ஸ்பிரிட் தேவைப்பட்டது. அதையும் முதலில் மாடிப்படிக்கு அடியில், யார் கண்ணும் படாத மூலையில் ஒரு பொட்டு வைத்து, கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகே தொட்டார். கல் சேரும் கோடுகளைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். வியாழன் சாயங்காலம் செருப்பில்லாமல் அந்த இடத்தில் நாலு நடை நடந்து பார்த்துவிட்டு, "ஆச்சு" என்றார். நானும் குனிந்து தேடினேன். எங்கே கொட்டினேன் என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். அக்கா நல்ல பட்டுச்சேலை கட்டி வந்தார். கலாமணி அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்த் தன் சொந்தக்காரர்களிடம், "இவங்க இல்லீன்னா இன்னைக்கு இந்த ஊட்டுல பாய் விரிச்சுத்தான் மறைச்சிருப்போமுங்க" என்றார். அக்கா வெட்கப்படவும் இல்லை, வேண்டாம் என்று மறுக்கவும் இல்லை. "ஆமா, கஷ்டமான வேலதான்" என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது.

எல்லாத் தரையையும் அவர் மீட்டுவிட்டார் என்று சொல்லமாட்டேன். ஒரு பழைய வீட்டின் சிவப்பு ஆக்சைடு தரையில் யாரோ பெயின்ட் கரைக்கும் தின்னரை ஊற்றித் தேய்த்து, சாயமே வெளுத்துப் போயிருந்தது. எண்ணெய் போட்டு மினுக்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். "பத்து நாள்ல வெளுப்பு தெரிஞ்சிரும், அண்ணாச்சி. முடியலன்னா முடியலன்னு சொல்லிருவோம்" என்று சொல்லிவிட்டு, அவரே போய் வீட்டுக்காரரிடம் பேசினார். அந்த வீட்டுக்காரர்தான் பின்னாளில் எங்களுக்கு நிறைய வீடுகளைக் காட்டிவிட்டார்.

ஒருமுறை விசிட்டிங் கார்டு அடித்தபோது, 'தரை சுத்தம் செய்து தரப்படும்' என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று அவரிடம் கேட்டேன். "யாரு செய்வாங்கன்னு போடுங்க. தப்பு நடந்தா என்னைய வந்து கேக்கணும்லா" என்றார். என் பெயருக்குக் கீழே 'தரை: மரியபுஷ்பம்' என்று அடித்தேன். மற்ற கான்ட்ராக்டர்கள் கிண்டல் செய்தார்கள். நாளாக ஆக, சுவரை யார் அடித்தாலும் சரி, தரைக்கு அந்த அம்மா வருவாரா என்று கேட்டு எனக்கு போன் வர ஆரம்பித்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் கோமதி வந்தாள். அக்காவோடு வேலை செய்த மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. "கார்டை மாத்திருவீங்களாண்ணா?" என்று கேட்டாள். அக்காவின் பெயர் அப்படியே இருக்கும், அதன் கீழே உங்கள் மூவர் பெயரும் வரும் என்றேன். செய்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது அக்காவிடமிருந்து எனக்கு வந்தது. அதை நான் விடுவதாக இல்லை.

அன்று மதியமே அச்சகத்துக்குக் கொடுக்க ஒரு தாளில் எல்லோர் பெயரையும் எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் ராம்பிரவேஷ் சுவருக்குப் பூசும் பட்டி கலக்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறவர். அவருடைய முழுப் பெயர் என்ன, அதை எப்படி எழுத வேண்டும் என்று அன்றுதான் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாளை வாங்கி, அவரே எழுதிக் கொடுத்தார்.