அப்பாவுக்கு ஷிப்ட் போட்ட கம்ப்யூட்டர்

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கும் நான், கோடை விடுமுறைப் பயிற்சிக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். அப்பா அங்கேதான் ஃபிட்டர்.

ஷிப்ட் பட்டியலுக்கு நான் எழுதிய புரோகிராம் இரண்டு முறை பாதியில் நின்றுவிட்டது.

"இன்னிக்கும் ஓடலன்னா கையாலயே எழுதிக்கலாம்மா" என்றார் அதிகாரி.

புரோகிராமின் வரிகளைத் துளைகளாகப் பதித்திருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இரண்டு அட்டைகள் இடம் மாறியிருந்தன. சரியாக அடுக்கிக் கொடுத்ததும் பட்டியல் முழுதாக அச்சாகி வந்தது.

சாயங்காலம் கேட்டருகே ஒட்டியிருந்த அதை அப்பா எல்லாரையும் நிறுத்திக் காட்டிக்கொண்டிருந்தார். "பாரு மாமு, எம் பொண்ணு மிஷின்ல போட்ட லிஸ்ட்டு."

"உனுக்கு ஞாயித்துக்கெயம கால ஷிப்டு வுயுந்துகீதே" என்றார் நண்பர்.

"இருக்கட்டும். எம் பொண்ணு ஆள் பாத்துப் போடல."



ஞாயிறு காலை சர்ச் பூசைக்கு அப்பா வரமாட்டார் என்று அம்மாவிடம் யார் சொல்வது? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.