அறுபத்திரண்டு பெட்டிகளும் ரைட் அக்காவும்

ரைட் அக்கா நூலகராக ஆனதற்குக் காரணம் படிப்பு அல்ல, படிக்கட்டு. பத்தொன்பது வருடம் நகராட்சிப் பேருந்தில் நடத்துநராக ஓடியவர், ஒரு மழை நாளில் பின்படியில் கால் வழுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார். நின்றுகொண்டு செய்யும் வேலை இனி கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். உட்கார்ந்து செய்கிற வேலை எது காலியாக இருக்கிறது என்று நகராட்சியில் தேடிப் பார்த்ததில், எங்கள் பகுதி நூலகரின் நாற்காலிதான் அகப்பட்டது. இரண்டு மாதப் பயிற்சி கொடுத்து அதில் உட்கார வைத்துவிட்டார்கள்.

செய்தி கேட்ட அன்று அவர் கணவர் வெட்டிக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார். அவர் தையல்காரர், அதிகம் பேசாதவர். ஆனால் அன்றைக்குப் பேசினார்.

"நூலகத்துல சத்தம் போடக் கூடாதும்மா. உன் குரலுக்கு அங்க இருக்கற புஸ்தகமெல்லாம் எழுந்து ஓடிடும்."

"ஓடினா என்னங்க? புடிச்சுக்கிட்டு வந்து அடுக்கறேன்" என்றார் அக்கா.

எங்கள் நூலகம் ஒரே ஓர் அறை. முன்பு தண்ணீர் மோட்டார் வைத்திருந்த இடம். நாலு இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, எட்டு நாற்காலி, மழை பெய்தால் நெளிந்துகொள்ளும் ஒரு மரக்கதவு. அக்கா முதல் வாரத்திலேயே புத்தகங்களைத் தன் முறைப்படி மாற்றி அடுக்கினார். முதுகில் ஒட்டியிருந்த எண்கள் அவரிடம் செல்லுபடியாகவில்லை. "சட்டுன்னு ஏறிச் சட்டுன்னு இறங்கறவங்க வாசல் பக்கம். தொலைதூரம் போறவங்க பின்னாடி" என்றார். அதாவது சமையல், கைவைத்தியம், துணுக்குப் புத்தகங்கள் முன்னால். அறுநூறு பக்க நாவல்கள் கடைசி அலமாரியில். விதிப்படி பார்த்தால் தப்பு. ஆனால் கேட்ட புத்தகம் அரை நிமிடத்தில் கைக்கு வந்தது.

புத்தகத்தில் தேதி முத்திரையைக் குத்தி நீட்டும்போது, பழக்க தோஷத்தில், "ரைட்!" என்பார். அந்தக் குரலுக்கு மேசையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஆள் திடுக்கிட்டு எழுந்து சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். அப்படி வந்ததுதான் ரைட் அக்கா என்ற பெயர்.

அவர் வந்தபோது உறுப்பினர்கள் எழுபது பேர். அப்போது எங்களைச் சுற்றி வெறும் காலி மனைகள். பிறகு ஒரு அடுக்குமாடி எழுந்தது. அதன் பூச்சு காய்வதற்குள் இன்னொன்று. ஆறே வருடத்தில் ஒன்பது கட்டடங்கள். காலையில் பால் வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் முகம் தெரியாதவர்கள். ஒருவருக்கொருவர் பேசுவதும் இல்லை. மின்தூக்கியில் எல்லோரும் எண் பலகையையே பார்த்துக்கொண்டு போவார்கள். நூலகத்தில் மட்டும் கூட்டம் பிதுங்கியது. உறுப்பினர்கள் தொள்ளாயிரத்தைத் தாண்டினார்கள். எட்டு நாற்காலிக்கு நடந்த போட்டியில், நில அளவையராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கதவு திறக்கும் முன்பே வந்து கதவோடு சேர்ந்து நிற்கத் தொடங்கினார்.

அக்கா இடம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். பின்னால் பூட்டிக் கிடக்கும் நகராட்சிக் கிடங்கைக் கொடுங்கள் என்று மூன்று கடிதங்கள். மூன்றுக்கும், "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே பதில், ஒரே கையெழுத்து.

இடம் வரவில்லை, புத்தகம் வந்தது. உறுப்பினர் எண்ணிக்கை கூடியதால் எங்களுக்கு இரண்டாயிரம் புதுப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை லாரி வந்து அறுபத்திரண்டு பெட்டிகளை இறக்கியது. மேசை மேல், மேசைக்கு அடியில், நாற்காலிகள் மேல், சன்னலை மறைத்து என்று அடுக்கியும் பதினேழு பெட்டிகள் வாசலில் நின்றன. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"கையெழுத்துப் போடுங்க மேடம்" என்றார் லாரிக்காரர்.

"இதெல்லாம் நான் எங்கப்பா வைப்பேன்?"

"இறக்கறது மட்டும்தான் மேடம் என் வேலை."

அக்கா வானத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், உட்கார இடமில்லாமல் நடைபாதையில் நின்ற வாசகர்களைப் பார்த்தார். தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன?

"எல்லாரும் இங்க பாருங்க" என்று அவர் கூப்பிட்டது இரண்டு தெரு தள்ளிக் கேட்டிருக்கும். "ஆளுக்கு ஒரு பெட்டி தூக்கிட்டுப் போங்க. உங்க வீட்டுலயே அடுக்கி வைங்க. யார் வந்து கேட்டாலும் குடுக்கணும். யார் வீட்டுல எந்தப் பெட்டின்னு நான் எழுதிக்கறேன்."

முதலில் ஒரு பெட்டியைத் தூக்கியவர் மூன்றாவது கட்டடத்து நர்ஸ் அம்மா. இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் நின்றிருந்தவர், என்ன பெட்டி என்றுகூடப் பார்க்கவில்லை. வீட்டில் போய்த் திறந்தால் முப்பத்தைந்தும் கொலைக் கதைகள்.

மழை விழுவதற்குள் வாசல் காலியாகிவிட்டது. வார முடிவில் அறைக்குள் இருந்தவையும் போய்விட்டன. அதற்கப்புறம்தான் வேடிக்கை. யாராவது வந்து துப்பறியும் கதை கேட்டால் அக்கா பதிவேட்டைப் புரட்டி, "மூணாவது பிளாக்கு, நாலாவது மாடி, நர்ஸ் வீடு. பகல்ல தூங்குவாங்க, அஞ்சு மணிக்கு மேல மணி அடிங்க" என்பார். ஜோதிடப் பெட்டி ஒரு வங்கிக்காரர் வீட்டில் இருந்தது. புத்தகம் எடுக்க வந்தவர்கள் அவரிடம் ஜாதகத்தையும் நீட்ட, மனிதர் இரண்டு முறை மறுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் முறை உட்காரச் சொல்லிவிட்டார். மின்தூக்கியில் எண் பலகையைப் பார்த்தவர்கள், "அந்தக் கதையில வர்ற டாக்டர் கடைசியில என்ன ஆனாரு?" என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

குழந்தைகள் புத்தகம் நாலு பெட்டி. அதை அக்கா தன் கணவரின் தையல் கடையில் தள்ளிவிட்டார். துணி வெட்டும் மேசைக்கு அடியில் ஏழெட்டுப் பிள்ளைகள் எப்போதும் படுத்துக்கிடந்தன. "கத்தரிக்கோல் வச்சிருக்கற இடம்மா இது" என்று அவர் முறையிட்டார். பத்து நாள் கழித்து அவரே ஒரு நரிக் கதையைச் சத்தமாகப் படித்துக்கொண்டே தைத்ததில், ஒரு வாடிக்கையாளரின் கால்சட்டைப் பைகள் இரண்டையும் வாய் மூடித் தைத்துவிட்டார்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு புதன்கிழமை சரிபார்ப்பு அதிகாரி வந்து நின்றார். கையில் ஒரு புகார்க் கடிதம். ஆள் ஒல்லி, பேனா மூடியை எண்ணி எண்ணித் திருகி மூடுகிற ரகம்.

"பதிவேட்டுல மூவாயிரத்து நானூறு புத்தகம் இருக்கு. அலமாரியில அறுநூறுகூட இல்ல. மீதி எங்கம்மா?"

"வெளியே போயிருக்கு சார்."

"எங்க வெளியே?"

"ஊருக்குள்ளதான்."

"ஒரு உறுப்பினருக்கு ரெண்டு புத்தகம்தான் குடுக்கலாம். விதி தெரியுமா?"

"தெரியும் சார். மழைக்குத்தான் தெரியல."

அதிகாரி சிரிக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு எல்லாப் புத்தகமும் இங்கே இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் இடைநீக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பேருந்தில் எத்தனையோ சண்டையைச் சமாளித்தவர்தான். ஆனால் அங்கே அவர் பக்கம் நியாயம் இருக்கும். இங்கே விதி அவர் பக்கம் இல்லை. ஓய்வுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கும்போது திருடி என்று பெயர் வாங்கிப் போவதா? வலிக்கிற காலோடு ஒவ்வொரு கட்டடமாக ஏறினார். நாலாவது கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவரைத் தேடிக்கொண்டு கணவர் வந்தார்.

"நீ உட்காரு. மீதி வீட்டுக்கு நான் போறேன்."

"நீங்க போய் என்னங்க பேசுவீங்க? உங்களுக்குத்தான் பேச்சே வராதே."

"நரிக் கதை சொல்லிப் பழகிட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் மேலே ஏறினார்.

மறுநாள் பத்து மணிக்கு அதிகாரி மேசையில் பதிவேட்டை விரித்து உட்கார்ந்தார். புத்தகங்கள் வரத் தொடங்கின. பெட்டியில், வாளியில், தலையணை உறையில், குழந்தையை இறக்கிவிட்ட தள்ளுவண்டியில். நர்ஸ் அம்மா சக்கர நாற்காலி ஒன்றை எங்கிருந்தோ தள்ளிக்கொண்டு வந்தார். அதில் முப்பத்தைந்து கொலைக் கதைகள் சாய்ந்து உட்கார்ந்திருந்தன. வரிசை தெருமுனை வரை போனது.

"உள்ள தள்ளுங்க, உள்ள தள்ளுங்க! நடுவுல இடம் இருக்கு!" என்று அக்காவின் குரல் எழுந்தது.

இடம் இல்லை. அலமாரி நிரம்பி, தரை நிரம்பி, அதிகாரியைச் சுற்றிப் புத்தகங்கள் ஏறின. அவர் தலை குனிந்து சரி போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணிக்கு நிமிர்ந்தபோது அவருக்கு எழுந்துபோக வழி இல்லை. மார்பு உயரத்துக்கு நாலு பக்கமும் சுவர்.

"கொஞ்சம்... வெளியே போகணுமே" என்றார், முகத்தைப் பார்த்தாலே அவசரம் தெரிந்தது.

அத்தனை பேரும் வரிசையாக நின்று, புத்தகங்களைக் கைமாற்றித் தெருவுக்கு அனுப்பி அவரை வெளியே எடுக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது.

மாலை நாலரைக்குக் கணக்கு முடிந்தது. அதிகாரி மூன்று முறை கூட்டிப் பார்த்தார்.

"குறையலம்மா" என்றார். "பதினோரு புத்தகம் அதிகமா இருக்கு."

படித்து முடித்துவிட்டோம், இங்கேயே இருக்கட்டும் என்று யார் யாரோ தங்கள் சொந்தப் புத்தகங்களையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அவருடைய படிவத்தில் குறைவுக்கு ஒரு கட்டம் இருந்தது, அதிகத்துக்கு இல்லை. அந்தப் பதினொன்றை எங்கே எழுதுவது என்று அவர் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

புகார் எழுதியது யார் என்பது அன்றைக்கே தெரிந்தது. கதவு திறக்கும் முன்பே வந்து நிற்பாரே, அந்த நில அளவையர், தானாகவே முன்னால் வந்தார்.

"நான்தாம்மா எழுதினேன். உங்கள மாட்டி விடறதுக்கில்ல. இடம் குடுங்கன்னு கேட்டா யாரும் வரமாட்டேங்கறாங்க. புத்தகத்தக் காணோம்னு எழுதினாத்தான் வண்டி எடுத்துக்கிட்டு வருவாங்கன்னு..."

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே ஐயா. நேத்து ராத்திரி ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு."

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

அது உண்மைதான். உண்மை என்பதாலேயே அக்கா அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை. முத்திரை குத்துவார், புத்தகத்தை நீட்டுவார், வாயைத் திறக்கமாட்டார். அந்த மௌனம்தான் தன் ஆயுளிலேயே பெரிய சத்தம் என்றார் அளவையர்.

மேலிடத்திலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே உறையில் வந்தன. ஒன்று, விதியை மீறியதற்கு எச்சரிக்கை. இன்னொன்று, கிடங்கைத் திறந்துவிட உத்தரவு. கிடங்கிலிருந்து உடைந்த தெருவிளக்குகளை அள்ளி, சுண்ணாம்பு அடித்து, அலமாரி போட எட்டு மாதம் பிடித்தது.

திறந்த முதல் வாரத்தில் அந்த அதிகாரி வந்தார். பதிவேடு இல்லை, பேனா மட்டும். மனைவியோடு ஐந்தாவது கட்டடத்துக்குக் குடிவந்திருக்கிறாராம்.

"உறுப்பினராச் சேரணும்" என்றார் கொஞ்சம் கூச்சத்தோடு.

"முகவரிச் சான்று கொண்டு வந்திருக்கீங்களா சார்?"

"என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமேம்மா!"

"தெரியும் சார். அதுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு வெயிலில் நடந்து வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.