பட்டன் மேல் இருந்தது யார்

வெர்லா பிராட்ஷாவுக்கு இடுப்பெலும்பு உடைந்து, ஆணி வைத்த ஆறாவது வாரத்தில் நான் அவரைப் பார்த்துக்கொள்ளப் போனேன். வயது எண்பது. கணவர் போய்ப் பன்னிரண்டு வருடம். செம்பாறைகளுக்குக் கீழே ஒரு வீடும் நாற்பது மாடுகளும். மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கவனித்துக்கொண்டார்கள். காலை மடக்கி நீட்டும் பயிற்சிக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. பத்து தடவை என்று சொன்னால் ஆறில் நிறுத்திவிடுவார்.

அவர் சொல்லி ஊர் நம்பாத விஷயம் ஒன்று இருந்தது. பதினேழு வயதில் அவர் சினிமாவில் கொள்ளைக்காரனாக நடித்தார்.

அப்போது ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் பள்ளத்தாக்கில் கூடாரம் போட்டு, பண்ணைக்காரர்களும் கொள்ளைக்காரர்களும் மோதும் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தது. குதிரை ஓட்டத் தெரிந்த உள்ளூர் ஆட்களையே பிடித்துப் போட்டார்கள். காலையில் மாடு திருடியவனே மத்தியானம் தொப்பியை மாற்றிக்கொண்டு, ஊர்க்காவல் அதிகாரியான ஷெரீப்போடு சேர்ந்து தன்னைத் தானே துரத்துவான். படத்தின் பெரிய காட்சி, ஒரு கொள்ளைக்காரன் குதிரையோடு பாறையிலிருந்து ஆற்று மடுவில் குதிப்பது. அதற்கு அமர்த்தப்பட்டவர் ஆர்வன் பிராட்ஷா. பிற்பாடு வெர்லாவுக்குக் கொழுந்தனார் ஆனவர்.

விளிம்பில் நின்று கீழே பார்த்ததும் ஆர்வன் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க வந்திருந்த வெர்லா, அவருடைய சட்டையையும் முகத்துணியையும் வாங்கி மாட்டிக்கொண்டு, தன் குதிரை பட்டனோடு குதித்துவிட்டார். முகம் மூடிய எவனோ ஒருவன் குதித்தால் சரி என்று கம்பெனிக்காரர்கள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்கள். ஆர்வன் ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு ஊருக்குள் போனார்.

அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று வெர்லா வாயைத் திறக்கவில்லை. அப்பா காலமான பிறகு சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். ஊர் சினிமாக் கொட்டகை அந்த வருடமே எரிந்துபோனதால் படம் எங்கள் பக்கம் வரவே இல்லை.

அறுபத்துமூன்று வருடம் கழித்து, நூலகத்துப் பெண் எங்கிருந்தோ படச்சுருளைத் தேடிப் பிடித்தாள். சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட விளையாட்டரங்கில் படம் போடுவது, திங்கட்கிழமை அந்தப் பாறையில் ஆர்வன் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைப் பதிப்பது என்று விழாக் கமிட்டி முடிவு செய்தது.

"தகடு ஏறிருச்சுன்னா அவன்தான் குதிச்சவன். நான் செத்தப்புறமும் அவன்தான்," என்றார் வெர்லா.

"முதல்ல காலை மடக்குங்க அக்கா. சக்கர நாற்காலியிலயா வரப்போறீங்க?"

"நடந்து வர்றேன். நீ எண்ணு."

அந்த வாரம் பத்துக்குப் பன்னிரண்டு தடவை மடக்கினார்.

வியாழக்கிழமை ஆர்வன் பச்சை ஜெல்லிக் கிண்ணத்தோடு வந்தார்.

"அண்ணி, முன் வரிசையில இடம் போட்டு வைக்கட்டுமா? நான் குதிக்கிறதைக் கிட்ட இருந்து பாக்கலாம்."

"நீ ஏணியில ஏறினாலே கால் நடுங்கும். அந்த வாளியை இன்னும் வச்சிருக்கியா?"

"எந்த வாளி?"

"தலையில கவுத்துக்கிட்டியே, அது."

ஆர்வன் என் பக்கம் திரும்பினார். "இடுப்புலதான் அடின்னு சொன்னாங்க. தலையிலயும் பட்டிருக்கும் போல." சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

சனிக்கிழமை வெர்லா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசலிலிருந்து முன் வரிசை வரை நடந்தார். ஜன்னல்களில் போர்வை கட்டியிருந்தார்கள். படம் ஓடியது. கதாநாயகன் முகத்தை எங்கள் ஆட்களில் ஒருவரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"வேலிக் கம்பியைத் தூணுக்கு வெளிப்பக்கம் அடிச்சிருக்கான் பாரு. மாடு சாஞ்சா மொத்தமும் பிடுங்கிக்கும்."

"அந்த வெள்ளை நெத்திக் குதிரை எங்க தாத்தாவோடது."

"எங்ககிட்ட இருந்து வாங்கினதுதானே. வந்த வாரமே நொண்டுச்சே."

கதாநாயகி அழுத இடத்தில், அவள் குதிரையின் சேணம் தளர்ந்திருக்கிறதே என்று நாலு பேர் வருத்தப்பட்டார்கள்.

பாறை வந்தது. முகம் மூடிய கொள்ளைக்காரன் தூரத்திலிருந்து குதிரையை விரட்டிக்கொண்டு வந்தான். அந்தத் தூரத்தில் ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. வெர்லா வாக்கரின் கம்பியை இறுகப் பிடித்திருந்தார். விளிம்பில் குதிரை வாலை ஒரு சுழற்று சுழற்றியது. அதன் இடது காதில் பாதி இல்லை.

"அட, நம்ம பட்டன்டா அது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "காதைப் பாருங்க, முள்கம்பியில கிழிஞ்சது. வாலைச் சுத்திட்டுத்தான் பாயும். என்னா குதிரை! ஆம்பளை ஒருத்தனையும் முதுகுல ஏற விடாது. என்னையே மூணு தரம் தள்ளிவிட்டு, தோளைக் கடிச்சு..."

ஆர்வன் அத்தோடு நிறுத்திக்கொண்டார். திரையில் பட்டன் தண்ணீரில் விழுந்து, தலையை உதறிக்கொண்டு கரையேறியது. அரங்கம் மொத்தமும் திரும்பி அவரைப் பார்த்தது.

"அப்ப மேல இருந்தது யாரு, ஆர்வன் மாமா?" என்று கேட்டார் கமிட்டித் தலைவி.

அவர் தொப்பியைக் கழற்றினார். "அண்ணிதான். குதிரை விஷயத்துல எப்படிம்மா பொய் சொல்றது?"

எல்லோரும் வெர்லாவைப் பார்த்தார்கள். அவர், "அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லுங்க. அன்னைக்குக் கண்ணை மூடிக்கிட்டேன், ஒண்ணும் பாக்கலை," என்றார். மூன்று தடவை போட்டார்கள்.

புதுத் தகடு வர ஆறு வாரமானது. வாசகம் வெர்லா சொன்னபடி: இங்கிருந்து குதித்தது பட்டன். மேலே இருந்தவர் வெர்லா. அதைப் பாறையில் பதித்தவர் ஆர்வன்தான், விளிம்பிலிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டு.

மறுநாள் காலைப் பயிற்சியை வெர்லா மறுபடியும் ஆறில் நிறுத்திவிட்டார்.