ஆஸ்பத்திரிப் பின்புறத்துப் பன்

சிலரிடம் தொழிலைக் கேட்டால் மரியாதை கூடும். என் தொழிலைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சோற்றுக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்வார். கிராமத்து ஆஸ்பத்திரிகளின் கழிவுநீரைச் செடி வளர்த்துச் சுத்தம் செய்வது என் வேலை. இதே மாதிரி வெளியில் சொல்ல முடியாத உத்தியோகம் பார்க்கும் சகோதரர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்.

சுனாமிக்குப் பிறகு பாலமுனைக்கு அங்கால் ஒரு கடற்கரைக் கிராமத்தில் சின்னதாகப் புது ஆஸ்பத்திரி கட்டினார்கள். வெளிநோயாளர் பகுதி நடந்தது. பிரசவ அறை மட்டும் பூட்டிக் கிடந்தது. அங்கே மணலைக் கிளறினாலே தண்ணீர் வரும். குழி வெட்டிக் கழிவை விட்டால் ஊர்க் கிணறுகள் எல்லாம் போச்சு. அதனால் கழிவுநீரைத் தொட்டியில் தெளியவிட்டு, சல்லிக்கல் பாத்திக்குள் செலுத்தி, அதில் பாய் இழைக்கிற பன் புல்லையும் கல்வாழையையும் நடுவதென்று முடிவானது. மிச்ச வேலையை வேர்கள் பார்த்துக்கொள்ளும். பாத்தி சரிவந்தால்தான் பிரசவ அறையைத் திறப்பார்கள். அதுவரை, வலி வந்த பெண்களை யுத்தகாலச் சோதனைச் சாவடிகள் தாண்டி வேறு ஊருக்குத்தான் ஏற்றவேண்டும். பிரசவம் பார்க்கும் மருத்துவமாது பரீதா மிஸ்ஸி என்னைக் கண்டால் என் சுகத்தைக் கேட்கமாட்டார், பாத்தியின் சுகத்தைத்தான் கேட்பார்.

சாவடியில் ஒரு விளக்கம்

சேற்றோடு கட்டிய பன் கட்டுகளை லொறியில் ஏற்றி வந்தபோது சாவடியில் மறித்தார்கள். ஈரச் சாக்குக்குள் வேறு ஏதோ இருக்கிறதென்று ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துக் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கழிவு, வேர், சல்லிக்கல் என்று விளக்க விளக்க அவர்களுடைய சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கடைசியில் கொஞ்சம் தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். அவரிடமும் முதலில் இருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டவர், கல்வாழைப் பூ ஒன்றை விரலால் தட்டிவிட்டுச் சொன்னார்: "ஊரெல்லாம் உடைஞ்சு கிடக்கு. உங்களுக்குக் கக்கூஸுக்குப் பூந்தோட்டம் வேணுமா?"

அறுவடை

பாத்தி நன்றாகப் பிடித்துக்கொண்டது. பன் என் நெஞ்சளவுக்கு வளர்ந்து நின்றதைப் பார்த்து எனக்கே பெருமை. ஒரு நாள் போய்ப் பார்த்தால் பாதிப் பாத்தி மொட்டை. பாய் இழைக்கிற ஆசியா உம்மா அறுத்துக்கொண்டு போய்விட்டார் என்றார் காவலாளி. கடல்தண்ணீர் ஏறியதில் ஊர்ப் பன்னெல்லாம் கருகி, அவருக்குத் தொழிலே இல்லாமல் போயிருந்தது.

அவர் வீட்டுக்குப் போனால், பன்னைக் காயவைத்துக்கொண்டிருந்தார். அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். கோபத்தைக் காட்டுவதற்கு நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவர் ஒரு பன் தண்டை எடுத்து நீட்டினார்: "மனே, சுனாமிக்குப் பிறகு இப்பிடிப் பன்னை நான் காணல்ல. ஆஸ்பத்திரிக்கு இன்னும் கொஞ்சம் ஆக்கள் வந்தா நல்லம்."

நிறம், மணம், சுவை

அவர் இழைத்த பாய்களில் இரண்டு பள்ளிவாசலுக்குப் போயிருக்கின்றன. செய்தி பரவியதும் ஊர் கொதித்தது. அசுத்தத்தில் முளைத்த பாயிலா தொழுவது? பள்ளி நிர்வாகத்தில் மூத்தவரான மரைக்கார், பாத்தியை மணல் போட்டு மூடவேண்டும் என்று நின்றார். மூடினால் பிரசவ அறையும் மூடியதுதான். இத்தனைக்கும் அவருடைய மகளே மாசமாக இருந்தாள்.

பள்ளிவாசல் மௌலவி ஊராரோடு பாத்திக்கு நேரில் வந்தார். செடி எங்கே முளைத்தாலும் செடி சுத்தம்தான், பாயைக் கழுவினால் போதும் என்றார். பிறகு பாத்தியிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஒரு போத்தலில் பிடிக்கச் சொன்னார். தண்ணீர் கெட்டதா என்று பார்க்க நிறம், மணம், சுவை மூன்றையும் பார்க்கவேண்டுமாம். நிறத்தைப் பார்த்தார், குறையில்லை. முகர்ந்தார், குறையில்லை. மூன்றாவதற்கு வந்ததும் ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

போத்தல் என் கைக்கு வந்துவிட்டது. குடிப்பீங்களா என்று மௌலவி கேட்டார். ஒரு மிடறு குடித்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று தெரியும். ஆனாலும், குடிக்கமாட்டேன், இது குடிக்கிறதற்கு இல்லை, உங்கள் கிணறுகள் கெடாமல் மண்ணுக்குள் விடுகிறதற்கு என்று சொல்லிவிட்டேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மௌலவி போத்தலை வாங்கிப் பன்னின் அடியில் ஊற்றினார். "குடிச்சிக் காட்டியிருந்தா உங்கள நான் நம்பியிரிக்க மாட்டன்."

மரைக்காரின் காவல்

மௌலவியின் பேச்சால் பாத்தி தப்பியது. பிரசவ அறை திறந்த கொஞ்ச நாளில் ஒரு பகல், எங்கேயோ குண்டு வெடித்து இரண்டு பக்கமும் பாதையை மூடிவிட்டார்கள். அன்றைக்கென்று மரைக்காரின் மகளுக்கு வலி. போக வேறு இடமில்லை. பரீதா மிஸ்ஸிதான் பிள்ளையை எடுத்தார். தாயும் மகனும் சுகம் என்று கேள்விப்பட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் போனேன். மரைக்கார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் கம்போடு பாத்தி ஓரம் ஆடு விரட்டிக்கொண்டிருந்தார். இந்த வயதில் ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "என்ட பேரன்ட தண்ணியும் இதுக்குள்ளதான் போகுது. கண்ட ஆட்டையெல்லாம் மேயவிட ஏலுமா?"

கழிவைச் சுத்தம் செய்ய அரசாங்கம் செடிக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. எனக்குக் கிடைக்கும் சம்பளம் முழுவதும் பாத்தியைச் சுற்றி நிற்கும் மனிதர்களுக்குப் பதில் சொல்வதற்குத்தான்.